எந்திரத்துக்குப் பாடம் சொன்ன அடிமை

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த 1976-இல் எங்கள் ஊருக்கு ஒரு வருவாய்த்துறை அதிகாரி கணக்கெடுக்க வந்தார். ஊருக்கு வந்தார் என்றால் சேரிக்கு வந்தார் என்று அர்த்தமில்லை. ஆண்டை வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மோர் குடித்தார். பண்ணையாட்களைக் கூட்டி வர ஆள் போயிற்று. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நின்ற என் தாத்தாவைப் பார்த்து, 'நீ கொத்தடிமையா?' என்று கேட்டார். திண்ணையில் ஆண்டை உட்கார்ந்திருக்கிறார். தாத்தா என்ன சொல்லுவார்? 'இல்லீங்க சாமி.' எழுதிக்கொண்டு போய்விட்டார். அரசாங்கக் கணக்கில் எங்கள் ஊரில் கொத்தடிமை என்று ஒருவர்கூட இல்லை.

ஆயா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் திட்டி முடிக்கும். 'நோட்டப் பாத்து வாயக் கேட்டு என்னத்தடா கண்டுபுடிப்பான் அந்த ஆளு? கோழி கூப்புடறதுக்கு முன்ன மாட்டுக்கொட்டாயில யாரு சாணி அள்றான்னு வந்து பாக்கணும். ராத்திரி யாரு வூட்டு அடுப்பு கடைசியா எரியுதுன்னு பாக்கணும். எவன் பொங்கலுக்குக்கூட மாமியா வூட்டுக்குப் போவலன்னு பாக்கணும். ஒரு கேள்வியும் கேக்க வேணாம், தன்னால தெரியும்.'

ஆயாவின் இந்த முறையியல், முறையியல் என்றுதான் சொல்வேன், நாற்பத்து நாலு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 2020 டிசம்பரில், அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில். ஆய்வு செய்தவர்கள் சாண்டா பார்பராவில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்களும், கடலில் ஓடும் மீன்பிடிக் கப்பல்களை வானத்திலிருந்து கவனித்து வரும் 'குளோபல் ஃபிஷிங் வாட்ச்' என்ற அமைப்பைச் சேர்ந்தவர்களும். 2012 முதல் 2018 வரை உலகக் கடல்களில் ஓடிய சுமார் 16,000 பெரிய மீன்பிடிக் கப்பல்களின் போக்குவரத்தைச் செயற்கை நுண்ணறிவை வைத்து வாசித்திருக்கிறார்கள். அவற்றில் 14 முதல் 26 சதவீதம் வரையிலான கப்பல்களில் கட்டாய உழைப்பு நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது முடிவு. ஆள் கணக்கில் 57,000 பேரிலிருந்து ஒரு லட்சம் பேர் வரை.

பொறியியல் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர்தான் இதை எனக்குச் சொன்னது. 'அண்ணே, சாட்டிலைட்ல இருந்தே அடிமையக் கண்டுபுடிக்கிறாங்கண்ணே!' என்று ஒரே பரவசம். பக்கத்தில் இருந்த தோழர் ஒருவர், 'அதெல்லாம் ஏகாதிபத்தியத்தோட வேவுக்கண்ணு தம்பி, மயங்கிராத' என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்தார். இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் இந்த எந்திரம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். மந்திரம் ஒன்றும் இல்லை.

பெரிய கப்பல்களில் ஒரு கருவி உண்டு. நான் இன்ன கப்பல், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில் இவ்வளவு வேகத்தில் போகிறேன் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று மோதிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பிற்பாடு இந்தச் சமிக்ஞைகளை வானத்திலிருந்தே செயற்கைக்கோள்கள் பொறுக்கத் தொடங்கின. 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்காக மட்டும், 2012-க்கும் 2016-க்கும் இடையில் வந்த 2,200 கோடி சமிக்ஞைகளை எந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மனிதன் உட்கார்ந்து படிப்பான்? எந்திரம் படித்தது. 70,000-க்கும் மேற்பட்ட மீன்பிடிக் கப்பல்களை அடையாளம் கண்டது. கப்பல் நேராகப் போனால் பயணம், மெல்ல ஊர்ந்து ஒரே திசையில் வலை இழுத்தால் இழுவலை, மைல் கணக்கில் தூண்டில் கயிறு விட்டு மறுபடி அதே வழியில் திரும்பி வந்தால் சூரைக் கப்பல் என்று, நடையை வைத்தே ஆளைச் சொல்லுகிற மாதிரி சொன்னது. உலகக் கடல் பரப்பில் பாதிக்கு மேல், 55 சதவீதத்தில், பெருந்தொழில் மீன்பிடிப்பு நடக்கிறது என்று அந்த ஆய்வு கணக்குச் சொன்னது.

இதே சமிக்ஞைகளில்தான் அடிமையையும் தேடினார்கள். ஆட்களை அடைத்து வைத்து வேலை வாங்கும் கப்பல் எப்படி நடந்துகொள்ளும் என்று, தொழிலாளர்களோடு வேலை செய்யும் அமைப்புகளைக் கேட்டு இருபதுக்கும் மேற்பட்ட அடையாளங்களைத் தொகுத்தார்கள். அப்படிப்பட்ட கப்பல் சீக்கிரம் கரைக்கு வராது. துறைமுகத்தைவிட்டு வெகுதூரம் போய்விடும். ஒரு நாளில் மற்றக் கப்பல்களைவிட அதிக மணி நேரம் மீன் பிடிக்கும். வருஷத்தில் சில பயணங்கள்தான் போகும், ஆனால் ஒவ்வொன்றும் மாதக் கணக்கில் நீளும். பிடித்த மீனை நடுக்கடலிலேயே சரக்குக் கப்பலுக்கு மாற்றிவிட்டு, டீசலும் அரிசியும் அதனிடமே வாங்கிக்கொள்ளும். கரை ஏறினால்தானே ஆள் ஓடுவான்?

ஆயா சொன்னதுதான் இது. மாட்டுக்கொட்டாய், கடைசி அடுப்பு, மாமியார் வீட்டுக்குப் போகாத பொங்கல்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இந்த எந்திரம் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிக்கவில்லை. கப்பல் முதலாளியைக் கேட்கவில்லை, கேப்டனைக் கேட்கவில்லை. முதலாளியின் வாய் பொய் சொல்லும், கூலி நோட்டு பொய் சொல்லும், கைநாட்டு வைத்த ஒப்பந்தம் பொய் சொல்லும். பதினெட்டு மணி நேரம் தூண்டில் இழுத்த கப்பல் தன் நடையில் அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. உழைப்புச் சுரண்டல் அந்தரத்தில் நடப்பதில்லை, காலத்திலும் தூரத்திலும் தடம் விட்டுத்தான் நடக்கிறது என்பதை மார்க்ஸ் படித்தவர்களுக்கும் படிக்காத ஆயாவுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது ஒரு கணிப்பொறி அதைச் சொல்லுகிறது. சொல்லட்டும்.

*

தம்பி, இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். அடிமைக் கப்பல் இப்படித்தான் இருக்கும் என்று இந்த எந்திரத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

எந்திரம் தானாக எதையும் அறியாது. இது மாடு, இது ஆடு என்று காட்டிக்காட்டித்தான் பழக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். கட்டாய உழைப்பு நடந்தது உறுதியாகத் தெரிந்த இருபது சொச்சம் கப்பல்களைக் காட்டி, இந்த மாதிரி நடக்கிற மற்றதையெல்லாம் தேடு என்று விட்டார்கள். அந்த இருபது சொச்சம் கப்பல்கள் எப்படித் தெரியவந்தன? செய்தியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வெளியிட்ட அறிக்கைகளிலிருந்து. அந்த அறிக்கைகள் எங்கிருந்து வந்தன? தப்பித்து வந்தவன் வாய் திறந்ததிலிருந்து. கடலில் குதித்து நீந்தியவன், துறைமுகத்தில் இருட்டில் இறங்கி ஓடியவன், அடிபட்டுக் கை போனவன், கூட வேலை செய்த சிநேகிதனின் பிணத்தைப் போர்வையில் சுற்றிக் கடலில் போட்டவன். இவர்கள்தான் எந்திரத்துக்கு வாத்தியார்கள். ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியலில் இவர்கள் இல்லை. இருபது சொச்சம் என்கிற எண்ணாக மட்டும் இருக்கிறார்கள்.

2015 மார்ச்சில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்களான நாலு பெண்கள் இந்தோனேசியாவின் பென்ஜினா என்ற தீவுக் கிராமத்திலிருந்து எழுதியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பர்மாவிலிருந்தும் மற்ற ஏழை நாடுகளிலிருந்தும் தாய்லாந்து வழியாகக் கொண்டுபோகப்பட்ட ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஓடிவிடுவார்கள் என்று சிலரைக் கூண்டில் பூட்டி வைத்திருந்தார்கள். செத்தவர்களுக்கு அங்கேயே ஒரு இடுகாடு. கல்லறையில் எழுதியிருந்த பெயர்கள்கூடப் பொய்ப் பெயர்கள், ஏனென்றால் தாய்லாந்துக்காரர் பெயரில் போலிக் காகிதம் போட்டுத்தான் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். செத்த பிறகும் சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. நிருபர்கள் முதலில் என்ன செய்தார்கள்? அந்த ஆட்களிடம் பேசினார்கள். பேசிய பிறகுதான், அவர்கள் பிடித்த மீனை ஏற்றிப்போன சரக்குக் கப்பலின் சமிக்ஞையைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்து, தாய்லாந்துத் துறைமுகம் வரைக்கும், அங்கிருந்து லாரி லாரியாகத் தொழிற்சாலைகள் வரைக்கும், கடைசியில் அமெரிக்கக் கடைகளின் அலமாரி வரைக்கும் போனார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வந்தது. கவனிக்க வேண்டியது வரிசை முறையை. முன்னால் வாய், பின்னால் வானம். எந்திர அறிவைப் பற்றி இன்று நடக்கும் சொல்லாடல்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இனிமேல் வாயே வேண்டாம், வானம் போதும் என்கிற தொனி வந்துவிட்டது. என் சண்டை இந்தத் தொனியோடுதான்.

*

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குப் பதினோரு அடையாளங்கள் சொல்லியிருக்கிறது. ஒருவரின் கையறு நிலையைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்றுவது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும், மிரட்டல், அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப்போடுவது, மனிதர் இருக்கத் தகாத இடத்தில் வைப்பது, அளவுக்கு மீறி வேலை வாங்குவது.

இந்தப் பதினொன்றில் வானத்திலிருந்து தெரிவது எத்தனை? தனிமைப்படுத்தல் தெரியும், கப்பல் கரைக்கு வரவில்லை என்பதால். நடமாட்டத் தடை ஓரளவு தெரியும், அதே காரணத்தால். மிகை உழைப்பு தெரியும், மணிக்கணக்கால். அவ்வளவுதான். கேப்டனின் பெட்டிக்குள் பூட்டியிருக்கும் பாஸ்போர்ட் தெரியாது. தரகனுக்குக் கட்டிய வைப்புத்தொகை தெரியாது. 'பாதியில போனா கட்டுன பணம் போச்சு, வூட்டுக்காரங்க கடன்ல நிக்கணும்' என்று எழுதின ஒப்பந்தம் தெரியாது. அறை விழுந்த கன்னம் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. சாதி தெரியாது, இனம் தெரியாது. ஒரே அடுப்பில் மேலதிகாரிகளுக்குப் புதுச் சோறும் ஆட்களுக்குத் தூண்டில் இரை மீனும் வெந்ததும் தெரியாது.

இரை மீன் என்று சும்மா சொல்லவில்லை. 2020 மே மாதம் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று ஒரு காணொலியைக் காட்டியது. 'லாங் சிங் 629' என்ற சீனச் சூரைக் கப்பலில் இறந்துபோன இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரின் உடலைக் கடலில் இறக்குகிற காட்சி. கூட வேலை செய்தவர்கள் கைபேசியில் எடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கரையைப் பார்க்காத பயணம், நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேர வேலை, அவர்களுக்கு வடிகட்டிய கடல்நீர், மற்றவர்களுக்குப் பாட்டில் தண்ணீர் என்று கரையேறிய பிறகு அந்தத் தொழிலாளர்கள் சொன்னார்கள். தண்ணீரில் இரட்டைக் குவளை! நமக்குத் தெரியாத முறையா இது? மூன்று பேர் உடல் கடலுக்குப் போயிற்று, நாலாவது ஆள் பூசான் துறைமுகத்துக்கு வந்து இறந்தார். எந்த எந்திரக் கணிப்பும் அந்தத் தண்ணீரைக் காட்டியிருக்காது. கைபேசி காட்டியது. கைபேசியில் எடுத்ததும் அவர்கள் கரைக்கு வந்த பிறகுதான் உலகத்துக்கு வந்தது.

இந்த 2020 ஆய்வை விமர்சித்து 2021-இல் அதே இதழிலேயே வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கப்பலின் நடமாட்டத்தை வைத்து உழைப்பின் நிலையை முடிவுகட்டுவது போதாது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்களும் பதில் சொன்னார்கள். இந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. புள்ளிவிவரத்தின் தவறு சரியாக்கக் கூடியது. இன்னும் இருநூறு கப்பல்களைக் காட்டிப் பழக்கினால் எந்திரம் இன்னும் நன்றாகச் சொல்லும். நன்றாகச் சொன்னாலும், யாரிடம் சொல்லும்? சொன்ன பிறகு அந்தக் கப்பலில் இருக்கிற ஆளுக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்வி இருநூறு கப்பல் வந்தாலும் தீராது.

*

'ஏகாதிபத்தியத்தின் வேவுக்கண்' என்று முடித்துவிட்ட தோழருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்திரத்தைக் கண்டாலே கைராட்டையைத் தேடி ஓடுகிற பழக்கம் நம்முடையது இல்லை. காந்தியம் எந்திரத்தைப் பழித்தபோது, எந்திரம் இல்லாவிட்டால் உழைக்கிறவனுக்கு ஓய்வும் இல்லை, பண்பாடும் இல்லை என்று 1945-இல் எழுதியவர் அம்பேத்கர். தப்பு எந்திரத்தில் இல்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் என்பது அவருடைய வாதம். அதே மனிதர்தான் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகர் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். இருபத்து நாலு மணி நேரமும் ஊருக்கு ஊழியம், அவன் இல்லாவிட்டால் அவன் வீட்டு ஆள் ஊழியம், அதற்குப் பெயர் பரம்பரை உரிமை! அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கட்டாய உழைப்புக்குத் தடை வந்தது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

இன்னொன்றும் தோழருக்கு. வேவுக்கண் என்று நீங்கள் ஒதுக்கும் இதே சமிக்ஞைகளை வைத்துத்தான் 2018-இல் வேறொரு ஆய்வு ஏகாதிபத்தியத்தின் கணக்கு நோட்டையே பிரித்துக் காட்டியது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலில் மீன் பிடிக்கிற கப்பல்களுக்கு எவ்வளவு டீசல் செலவு, எவ்வளவு வருமானம் என்று எந்திரம் கணக்குப் போட்டது. அரசாங்கங்கள் மானியம் கொடுக்காவிட்டால் அந்த ஆழ்கடல் மீன்பிடி இடங்களில் 54 சதவீதம் வரை நஷ்டம்தான் என்று முடிவு வந்தது. மானியம் கொடுத்தும் கட்டாத இடங்களில் எப்படித் தொழில் நடக்கிறது? கூலியைக் குறைத்து, பிடித்த மீனைக் குறைத்துக் காட்டி. கரையோரத்தில் மீன் வற்ற வற்றக் கப்பல் தொலைவுக்குப் போகிறது. தொலைவுக்குப் போகப் போக டீசல் செலவு கூடுகிறது. டீசலிடம் பேரம் பேச முடியாது, மீனிடம் பேச முடியாது. மிச்சம் இருப்பது மனித உடல் ஒன்றுதான். கடல் வற்றுவதும் மனிதன் அடிமையாவதும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசுரத்தில் படித்தீர்கள், தோழர்? இந்த அறிவை 'அவர்களுடையது' என்று தள்ளிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆனால் வேவுக்கண் என்பதில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 2020 ஜூலையில் வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. வடகொரியக் கடலில், ஐ.நா. தடையையும் மீறி, 2017-இல் 900-க்கும் அதிகமான சீனக் கப்பல்களும் 2018-இல் 700-க்கும் அதிகமான கப்பல்களும் சமிக்ஞையை அணைத்துவிட்டுக் கணவாய் அள்ளின. ரேடார் படம், இரவு விளக்கொளி, எந்திரப் பார்வை எல்லாவற்றையும் சேர்த்துக் கண்டுபிடித்தார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன்னுக்கு மேல் கணவாய் என்று மதிப்பிட்டார்கள். நல்லது. இந்தக் கப்பல்கள் வந்து அள்ளியதால் இடம் இழந்த வடகொரிய ஏழை மீனவர்கள் சின்ன மரப் படகுகளில் வெகுதொலைவு ரஷ்யக் கடலுக்குப் போனார்கள். அது அவர்கள் போகக் கூடாத கடல். அந்தப் படகு தாங்காத கடல். நூற்றுக்கணக்கான படகுகள் ஜப்பான் கரையில் ஒதுங்கின, சிலவற்றில் பிணங்களோடு. எந்திரத்தின் படத்தில் இரண்டுமே 'சட்டவிரோதம்'தான். அள்ளிய கப்பலும் சட்டவிரோதம், துரத்தப்பட்ட படகும் சட்டவிரோதம். அந்த ஆய்வாளர்கள் பொறுப்பாக இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள், அது வேறு விஷயம். நாளைக்கு இந்தப் படத்தை ஒரு கடலோரக் காவல்படை கையில் வைத்திருக்கும்போது யார் பிரித்துச் சொல்வார்? எந்தப் படகைப் பிடிப்பது சுலபம்?

*

எங்கள் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். 'இல்லீங்க சாமி' என்று அவர் சொன்னதோடு 1976-இல் கணக்கு முடிந்துபோயிற்று. 1995-இல் உச்சநீதிமன்றம் அமர்த்திய ஆணையம் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருக்கிறார்கள் என்று சொன்னது. அரசாங்கமோ அப்படி இல்லை என்று சாதித்தது. இல்லை என்பதற்கு அவர்களிடம் இருந்த ஆதாரம், திண்ணையில் எழுதின நோட்டுதான்.

இந்த நோட்டை எப்படி உடைப்பது என்று 1983-இல் ஒரு வழி கிடைத்தது. அரியானாவின் பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா போட்ட வழக்கு. அவர்கள் கட்டாய உழைப்பு செய்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், முன்பணம் வாங்கியதை நிரூபிக்காவிட்டால் கொத்தடிமை இல்லை என்று அந்த மாநில அரசு நீதிமன்றத்தில் வாதாடியது. வெட்கம் என்பது கொஞ்சமும் இல்லை. கல் உடைக்கிறவன் எந்த ரசீதைக் கொண்டுவந்து காட்டுவான்? நீதிபதி பகவதி அதைத் திருப்பிப் போட்டார். கட்டாய உழைப்பு நடக்கிறது என்று தெரிந்தாலே, முன்பணத்துக்காகத்தான் நடக்கிறது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்றால் முதலாளி நிரூபிக்கட்டும். அடிமையின் தலையில் இருந்த நிரூபிக்கும் சுமையை எடுத்து ஆண்டையின் தலையில் வைத்தார்கள். ஏட்டில் வைத்தார்கள், நடைமுறையில் இன்னும் நாம்தான் தூக்கிக்கொண்டு அலைகிறோம் என்பது வேறு.

எந்திரத்தின் கணிப்புக்கு நான் கேட்கிற இடம் இதுதான். இந்தக் கப்பலில் கட்டாய உழைப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று எந்திரம் சொன்னால், அதோடு சுமை கப்பல் முதலாளியின் தலைக்கு மாற வேண்டும். கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டு வா. கேப்டன் இல்லாத இடத்தில், ஆட்களின் மொழி தெரிந்த தொழிற்சங்கக்காரர் அவர்களோடு பேச வேண்டும். கூலி நோட்டைக் காட்டு, பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கிறதா காட்டு. இல்லை என்று நிரூபிக்கிற வேலை உன்னுடையது.

இப்போது நடப்பது வேறு. எந்திரத்தின் கணிப்பு 'ஆபத்து மதிப்பெண்' ஆகி மீன் வாங்குகிற கம்பெனிகளின் மேசைக்குப் போகிறது. யாருக்கு ஆபத்து? ஆளுக்கு இல்லை, கம்பெனியின் பெயருக்கு. மதிப்பெண் மோசமான கப்பலிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டால் கம்பெனியின் கை சுத்தம். அந்தக் கப்பலில் பத்து மாதக் கூலி பாக்கியோடு நிற்கிற ஆள்? அவனுக்கு விடுதலைச் சான்றும் இல்லை, கடன் ரத்தும் இல்லை. மீனுக்குச் சுத்தப் பத்திரம், மனிதனுக்கு ஒன்றுமில்லை. தீட்டு பார்க்கிறவர்களுக்கு எப்போதும் பண்டம்தான் முக்கியம், அதைத் தொட்ட கை எந்த நிலையில் இருக்கிறது என்பது முக்கியமில்லை.

*

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மீன்பிடிக் கப்பல்களில் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் 1,28,000 பேர். உண்மையில் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று அறிக்கையே சொல்கிறது. கடலில் இருக்கிற ஆளைக் கேட்க முடியவில்லை, அதனால் எண்ண முடியவில்லை.

ஏன் கேட்க முடியவில்லை? கப்பலின் கருவி சில விநாடிகளுக்கு ஒருமுறை பேசிக்கொண்டே இருக்கிறது. அதைச் செயற்கைக்கோள் கேட்கிறது, கலிபோர்னியாவில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கேப்டனிடம் தொலைபேசி இருக்கிறது. முதலாளி கரையிலிருந்து விலை சொல்கிறார், எங்கே போ என்று சொல்கிறார். அதே கப்பலில் மீன் வெட்டுகிற ஆள், தாய் செத்த சேதியை நாலு மாதம் கழித்துக் கரைக்கு வந்து தெரிந்துகொள்கிறான்.

தைவானின் தொங்காங் துறைமுகத்தில் இந்தோனேசிய மீன்பிடித் தொழிலாளர்கள் ஃபோஸ்பி என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் சில வருஷங்களாக ஒரு கோரிக்கையை வைத்துப் போராடி வருகிறார்கள். ஆழ்கடல் போகிற ஒவ்வொரு கப்பலிலும் வேலையாட்களுக்கு வைஃபை வேண்டும். குடும்பத்தோடு பேச வேண்டும், சங்கத்தோடு பேச வேண்டும், கூலி வங்கியில் ஏறியதா என்று பார்க்க வேண்டும், அடித்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. கொத்தடிமை ஒழிப்புக்கு வைஃபையா? பிறகு தாத்தா ஞாபகம் வந்தது. பண்ணையாள் சந்தைக்குப் போக வேண்டுமென்றால் ஆண்டையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாமான் வாங்குவதில் ஆண்டைக்கு என்ன கவலை? சந்தையில் நாலு ஊர் ஆள் கூடும், அங்கே என்ன கூலி என்று பேச்சு வரும்.

செலவாகும், வேலை கெடும், எந்நேரமும் போனையே நோண்டிக்கொண்டிருப்பான் என்று மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் சந்தைக்குப் போகாதே என்ற அதே குரல்தான் கேட்கிறது. கப்பல் தளத்தில் மீன் எண்ணக் கேமராவும் அதைப் பார்க்க எந்திர அறிவும் வைப்பதற்குச் செலவு பார்ப்பதில்லை. அந்தக் கேமரா மீனை எண்ணுகிற சாக்கில் எவன் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தான் என்றும் எண்ணும், சந்தேகமே வேண்டாம்.

உலக மீனவர்களில் ஆகப் பெரும்பான்மையோர் இந்தப் பெரிய கப்பல்களிலேயே இல்லை, சின்னப் படகுகளில் இருக்கிறார்கள். அந்தப் படகுகளில் பெரும்பாலானவை ரேடார் படத்தில் விழுவதும் இல்லை, சமிக்ஞை அனுப்புவதும் இல்லை. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தம்பி இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக நீருக்கடியில் எடுத்த படத்தில் மீன் இனங்களை எந்திரம் அடையாளம் காணும் ஒரு வேலையை எடுத்திருக்கிறார். நல்ல வேலைதான். ஆனால் கரையிலிருந்து தொலைவில், மிகக் குறைந்த செலவில், கேப்டன் படிக்க முடியாதபடி, ஒரு ஆள் தன் மொழியில் நாலு வரி அனுப்புவதற்கு என்ன வழி என்று அவர் துறைப் பேராசிரியரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 'அது ஏ.ஐ. புராஜெக்ட்ல வராதுண்ணே' என்றார். 'வராட்டி என்னப்பா, கேட்டுத்தான் பாரேன்' என்றேன். இன்னும் கேட்கவில்லை போலிருக்கிறது.